பெண் வீட்டுக்காரன்

சென்றாயனின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வைத்து, வெள்ளைத் துணிக் கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தான் முனிராஜ். முடிச்சு இரண்டு தடவை நழுவிவிட்டது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தபோது, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வெங்கடம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"அவ்ளோ இறுக்காத கண்ணு. புள்ளைக்கு வலிக்கும்."

முனிராஜ் முடிச்சைத் தளர்த்தினான்.

பதினான்கு நாள் அடித்த காய்ச்சல் அன்று சனிக்கிழமை விடிகிற நேரத்தில் விட்டிருந்தது. "சூடு எறங்கிடுச்சு" என்று வெங்கடம்மாள் சந்தோஷமாகச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார்கள். வயது இருபத்தாறு. ஒரே பிள்ளை. பெங்களூரில் ஒரு கம்பெனியில் டர்னர், இரும்பு கடைகிற வேலை. முனிராஜுக்கு மாமன் மகன். ஊருக்குத் தெரிந்த உறவு அவ்வளவுதான்.

பிணத்தின் மார்பில் கிடந்த ரோஜா மாலையில் ஓர் அட்டை தொங்கியது. 'கண்ணீர் அஞ்சலி' என்பது பொடி எழுத்தில் இருந்தது. 'இங்ஙனம், கே. திம்மராயன், மாஜி பிரசிடெண்ட், பஞ்சாயத்து போர்டு' என்பது கொட்டை எழுத்தில். ஊரில் நல்ல கையெழுத்து முனிராஜுடையது என்பதால், காலையில் அவனைத்தான் கூப்பிட்டு எழுதி வாங்கினார் திம்மராயன். ஓசூர் சப்ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிற கை. எழுதி முடித்தபோது செத்தவன் பெயருக்கு அட்டையில் இடமில்லை.

"ஓரமா எழுதட்டுங்களா மாமா?"

"எதுக்கு? அவன் யாருன்னு ஊருக்குத் தெரியாதா?"

திம்மராயன், சென்றாயனின் அப்பா நாராயணப்பனுக்குப் பெரியப்பா மகன். பிரசிடெண்டாக இருந்தது பதினொரு மாதம். மாஜியாக இருப்பது இது ஒன்பதாவது வருஷம். ராஜ்யங்களைப் பாஷைவாரியாகப் பிரித்தபோது, ஓசூர் மெட்ராஸுக்கே என்று ஒரு மகஜரும் ஓசூர் மைசூருக்கே என்று இன்னொரு மகஜரும் அனுப்பினார். எது நடந்தாலும் தன்னால்தான் என்று சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது. சாவுக்கும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார். அதில் இருந்த ஒரே பொத்தானையும் போட்டிருந்தார்.

வெயில் முற்றத்தில் பாதி தூரம் வந்தபோது நாராயணப்பன் எழுந்து அவரிடம் போனார். "ரெண்டு வாரம் கெடந்த ஒடம்புண்ணே. தாங்காது. எடுத்துடலாங்களா?"

"எப்பிடி எடுக்கறது?" என்றார் திம்மராயன், இந்தக் கேள்விக்காகவே காலையிலிருந்து காத்திருந்தவர் போல. "கல்யாணம் ஆகாதவன். அப்பிடியே எடுத்தா ஆவி அலையும். வாழைமரத்துக்குத் தாலி கட்ட வெச்சுத்தான் எடுக்கணும். நம்ம வம்சத்து மொறை."

அந்த முறைப்படி யாருக்கும் எப்போதும் நடந்ததாக நாராயணப்பனுக்கு ஞாபகமில்லை. ஆனால் மறுத்துப் பேசுகிற தெம்பும் அவரிடம் இல்லை.

மறுத்துப் பேச ராமப்பன் இருந்தார். வெங்கடம்மாளின் அண்ணன், சென்றாயனின் தாய்மாமன். ஊர் அத்திப்பள்ளி. எப்போதும் மைசூர்ப் பக்கம்தான், ஆனால் ஐந்து மாதத்துக்கு முன்வரை அவரைப் பக்கத்து ஊர்க்காரர் என்றார்கள், ராஜ்யங்களைப் பிரித்த பிறகு பக்கத்து ராஜ்யத்துக்காரர் என்கிறார்கள்.

"ஏனப்பா, யாரு வம்சத்து மொறை? எங்க பக்கம் எல்லாம் எக்கத கிட. எருக்கஞ்செடி. வாழைக்குக் கட்டினா அந்த ஆத்மா வாழத் தோட்டத்துலயே சுத்திட்டு இருக்கும்."

"அது மைசூர் ஆத்மா. இது மெட்ராஸ் சர்க்கார் ஆத்மா."

"தாய்மாமன் நான் சொல்றேன். எருக்கு!"

"ஓசூர எந்த ராஜ்யத்துல வெச்சாங்கன்னு தெரியுமில்ல? வாழை!"

முனிராஜ் விசிறியை எடுத்து ஈ ஓட்டினான். ஓர் ஈ சென்றாயனின் இமையில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தது. உயிரோடு இருந்திருந்தால் அவன் இந்நேரம் சுவருக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பான். முனிராஜையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பான்.

"நான் சொல்றது பொய்னா ஜாதகம் சொல்லட்டும்" என்றார் திம்மராயன். "வாழைன்னு பரிகாரமே இருக்குது. தேன்கனிக்கோட்ட ஜோசியரு வாயாலயே சொன்னாரு. நாராயணா, அந்த ஜாதக நோட்டக் கொண்டா."

முனிராஜின் கையில் விசிறி நின்றது.

சென்றாயனுக்கும் அவனுக்கும் நடுவில் நாலு வருஷமாக இருந்ததற்கு இரண்டு பேரிடமும் ஒரு பேர் இல்லை. சனிக்கிழமை என்று சொல்லிக்கொண்டார்கள். "இந்த வாரம் சனிக்கிழமை உண்டா?" "உண்டு." சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூர் பஸ் வரும். ரோட்டிலிருந்து ஊருக்கு அரை மைல். முனிராஜ் ரோட்டோரம் நின்று, டிரைவருக்கு ஊர் தெரிந்திருந்தும் கையைத் தூக்கி நிறுத்துவான். சென்றாயன் இறங்கி, "நீ கை காட்டலைன்னா பஸ்ஸு நேரா கன்னியாகுமரி போயிடுமில்ல?" என்பான். அந்த அரை மைல் நடக்க அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

புருஷன் பெண்டாட்டிக்குள் இருப்பதெல்லாம் அவர்களுக்குள் இருந்தது. சண்டையும் இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் யார், பெங்களூர் ஹோட்டலில் இரண்டாவது தடவை சட்னி ஊற்றியவன் எதற்காக ஊற்றினான் என்பதெல்லாம் முனிராஜுக்குத் தெரிந்தாக வேண்டும். "நீ சப்ரிஜிஸ்டர் ஆபீசுல இருக்க வேண்டிய ஆளே இல்லடா. போலீஸ் டேசன்ல இருக்கணும்" என்று சென்றாயன் சிரிப்பான். ஆனால் ஒன்றில் மட்டும் இருவரும் சத்தியம் செய்திருந்தார்கள்: இருவருக்கும் கல்யாணம் கிடையாது.

முனிராஜின் அம்மா ரங்கம்மா புருஷனை இழந்தவள். ஒரு பிள்ளையோடு சரி. அவனிடம் கல்யாணம் பற்றிப் பேச யாருக்கும் அவசரமில்லை. சென்றாயன் விஷயம் அப்படியல்ல. அவனுடைய பழைய ஜாதகத்தைக் கரையான் அரித்துப்போக, மாமன் நாராயணப்பன் முனிராஜைக் கூப்பிட்டு, "கையெழுத்து நல்லா இருக்குது, நீயே ஒரு நகல் எடு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து சென்றாயன் சொல்லச் சொல்ல முனிராஜ் எழுதினான். களத்திர ஸ்தானத்தில் செவ்வாய். முதல் தாரம் தங்காது. "இன்னும் கொஞ்சம் பயமா எழுதுடா. மாமனாருக்கும் ஆகாதுன்னு போடு." சிரிப்புச் சத்தம் வெளியே கேட்காமலிருக்கத் தலையணையை வாயில் கடித்துக்கொண்டார்கள். அந்த ஜாதகத்தைப் பார்த்து மூன்று வருஷத்தில் நாலு பெண் வீட்டார் காபி குடித்த கையோடு எழுந்து போனார்கள்.

அதற்கும் பரிகாரம் இருக்கும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. மாசிக் கடைசியில் தேன்கனிக்கோட்டை ஜோசியர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முதல் தாரம்தானே தங்காது? வாழைமரத்துக்குத் தாலி கட்டிட்டு வெட்டிச் சாய்ச்சுடுங்க. முதல் தாரம் போச்சு" என்று ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் முடித்துவிட்டார். பக்கத்துத் தளி ஊரில் உருளைக்கிழங்கு பயிரிடுகிற ஒருவர் பெண் கொடுக்கத் தயாராக இருந்தார். பங்குனியில் வாழை, வைகாசியில் பெண். நாராயணப்பன் கேட்க, சென்றாயன் தலையைக் குனிந்துகொண்டு "சரிங்கப்பா" என்றான். கதவோரம் நின்றிருந்த முனிராஜின் காதில் அது விழுந்தது.

"வாழைதானேடா" என்றான் சென்றாயன், அன்று ரோட்டுக்குப் போகும்போது.

"வாழைக்கப்புறம்?"

"அப்புறம் பாத்துக்கலாம். அப்பா முன்னாடி வேற என்ன சொல்லச் சொல்ற?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். கட்டிக்கோ. நான் வந்து பந்தி பரிமாறுறேன்."

அந்த வாரம் தளிக்கு அனுப்ப நகல் வேண்டுமென்று நோட்டு மறுபடி முனிராஜிடம் வந்தது. கடைசிப் பக்கத்தில் அவன் ஒரு வரி சேர்த்தான். சென்றாயனிடம் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தச் சனிக்கிழமை வேலை இல்லாவிட்டாலும் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டான். அதற்கடுத்த சனிக்கிழமையும் ரோட்டுக்குப் போகவில்லை. அன்றைக்குத்தான் சென்றாயன் காய்ச்சலோடு இறங்கினான். அரை மைலைத் தனியாக நடந்து வந்து, வாசல்படியில் உட்கார்ந்து, உள்ளே போக முடியாமல் அம்மாவைக் கூப்பிட்டான். முனிராஜ் வந்து பார்த்தது செவ்வாய்க்கிழமை.

அப்புறம் பதினொரு நாளும் அவன் அங்கேதான் இருந்தான். ஈரத்துணி மாற்றினான், கஞ்சி புகட்டினான். ஆனால் அந்த அறையில் ஒரு நிமிஷமாவது யாராவது இல்லாமல் இருந்ததில்லை. கடைசிப் புதன்கிழமை, சுற்றி ஐந்து பேர் இருக்க, சென்றாயன் கண்ணைத் திறந்து அவனைத் தேடிப் பார்த்துக் கேட்டான்.

"ஜாதகத்தப் பாத்தியாடா?"

"இல்ல மச்சான்" என்று சொல்லிவிட்டு முனிராஜ் கிண்ணத்தைக் கழுவ எழுந்து போய்விட்டான். தெரிந்துவிட்டது, அந்த வரியைப் படித்துவிட்டான், கேட்கிறான். அதற்கப்புறம் சென்றாயனின் வாயிலிருந்து புரிகிற மாதிரி எதுவும் வரவில்லை.

இப்போது நாராயணப்பன் மஞ்சள் தடவிய அந்த நோட்டைக் கொண்டுவந்து திம்மராயனிடம் நீட்டினார். திம்மராயன் கண்ணாடி போட்டிருந்தார். ஆனால் அது படிப்பதற்கானதல்ல. ராமப்பனுக்குத் தமிழ் எழுத்து வராது.

"முனிராஜா, நீ படிடா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

முனிராஜ் நோட்டை வாங்கினான். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அவன் களத்திர ஸ்தானத்தைப் படித்தான். செவ்வாயைப் படித்தான். பத்திரம் படித்துக் காட்டுகிற குரல், எதையும் காட்டிக்கொடுக்காது. அதோடு நிறுத்தி நோட்டை மூடப்போனான்.

"கடசிப் பக்கம்?" என்றார் திம்மராயன். "ஜாதகத்துல கடசிப் பக்கந்தான் முக்கியம்."

அவன் திருப்பினான். தன் கையெழுத்து தன்னைப் பார்த்தது. ஒரு சுழிப்பும் பிசகாமல், அழகாக இருந்தது.

"இருபத்தாறாம் பிராயத்தில் ஜாதகருக்குக் கண்டம். அது கழியும்வரை மணம் ஆகாது."

வாசல் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. வெங்கடம்மாள் மார்பில் அறைந்துகொண்டாள். திம்மராயன் மெய்சிலிர்த்து எழுந்து நின்றார்.

"பாத்தீங்களா! இருபத்தாறு! சொல்லி வெச்ச மாதிரி! எழுதினவன் கை சாதாரணக் கை இல்லப்பா. அது தெய்வக் கை. அந்தக் கை எங்க இருந்தாலும் கும்பிடணும்." அவர் உண்மையாகவே கும்பிட்டார். முனிராஜ் எதிரில் நின்றிருந்ததால் அந்தக் கும்பிடு அவன் மேலேயே விழுந்தது.

 பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நோட்டுக்குள்ளேயே வைத்தான். அப்போதுதான் அந்த வரிக்குக் கீழே இருந்ததைப் பார்த்தான். பென்சில். கம்பெனியில் இரும்பில் அளவு குறிக்கச் சென்றாயன் காதில் செருகி வைத்திருப்பானே, அந்த ஊதாப் பென்சில். எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நின்றன.

'எழுதியவன் ஜாதகத்தில் சந்தேகம் உச்சத்தில் நிற்கிறது. பரிகாரம்: சித்திரை வரை பொறுத்தல். வாழைக்கு அப்பால் ஒருத்தியும் இல்லை. பெங்களூரில் ரூம் பார்த்தாகிவிட்டது. ஜன்னல் உண்டு.'

ராமப்பன் எட்டிப் பார்த்தார். "அடியில பென்சில்ல என்னமோ இருக்குதே?"

"ஒண்ணுமில்லைங்க. கம்பெனி வேலைக்கு ஏதோ அளவு குறிச்சிருக்கான்."

"அளவா?"

"ஜன்னல் அளவு" என்றான் முனிராஜ்.

நோட்டை மூடினான். விசிறி எங்கே வைத்தோம் என்று தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது.

ஜாதகத்தில் வாழை என்ற சொல்லே இல்லை, ஆனால் அது பலித்துவிட்டதால் அதைக் கொண்டுவரச் சொன்ன திம்மராயனின் வாழை ஜெயித்தது. ராமப்பன் தாய்மாமன் மரியாதைக்காக ஓர் எருக்கம்பூ மாலையும் போட வேண்டும் என்றார். அது ஒப்புக்கொள்ளப்பட்டது. எல்லைத் தகராறு தீர்ந்தது. அடுத்த கேள்விக்குத்தான் யாரும் தயாராக இல்லை. வாழை யார் வீட்டிலிருந்து?

"பொண்ணு, பொண்ணு வீட்டுலருந்துதான் வரணும்" என்றார் திம்மராயன். அவர் தோட்டத்தில் நானூறு வாழை நின்றது. "ஆனா என் வீட்டுல கல்யாணத்துக்கு ரெண்டு பொண்ணுங்க நிக்குதுங்க. பொணத்துக்குப் பொண்ணு குடுத்த வீடுன்னு பேரு வந்துடும்."

"எனக்கும் பொண்ணுங்கதான்" என்றார் ராமப்பன் அவசரமாக. "அதோட நான் வேற ராஜ்யம்."

ஒவ்வொருவராகத் தலையைச் சொறிந்தார்கள். வம்சத்து முறையில் யாருக்கும் சந்தேகமில்லை. தங்கள் கொல்லையில் மட்டும் மரமில்லை. மூலையிலிருந்து ரங்கம்மாவின் குரல் வந்தது.

"எங்க வீட்டுல வெட்டிக்குங்க. எனக்கு என்ன பொண்ணா இருக்குது?"

திம்மராயன் முகம் தெளிந்தது. "சரியான மொறை! அத்தை வீடு. பொண்ணுக்கு அண்ணன் தம்பி வந்து கூட்டியாரணும். முனிராஜா, போ. கொலை தள்ளாத மரமாப் பாத்துக்கோ. கன்னியா இருக்கணும்."

ரங்கம்மா இப்படிச் சொன்னது முதல் தடவையல்ல. இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவதைப் பார்த்து, "இவன் மட்டும் பொண்ணாப் பொறந்திருந்தா ஊர் ஊராப் பொண்ணு தேடி அலைவாங்களாடா? ஒனக்கே கட்டி வெச்சிருப்பேனே" என்பாள். "இப்ப மட்டும் என்னங்கத்தை, குடுங்க. நான் வேணாம்னா சொன்னேன்?" என்பான் சென்றாயன் சோற்றைப் பிசைந்துகொண்டே. எல்லாரும் சிரிப்பார்கள். முனிராஜ் மட்டும் தண்ணீர் கொண்டுவர எழுந்து போவான்.

கொல்லையில் மூன்று வாழைகள் நின்றன. ஒன்று குலை தள்ளியது, தகுதியில்லை. இரண்டாவது நல்ல உயரம், பளபளவென்று விரிந்த இலை, காற்றில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. முனிராஜ் அதை ஏறிட்டுப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மூன்றாவதை வெட்டினான். சுவர் நிழலில் வெயில் படாமல் வளர்ந்தது. தண்டு சிறுத்து, இலை கிழிந்து, ஒரு பக்கம் மஞ்சளித்துப் போனது.

தோளில் போட்டுக்கொண்டு தெருவோடு வந்தான். சட்டையெல்லாம் வாழைச்சாறு கறையானது. வழியில் எதிர்ப்பட்ட ஒரு கிழவர் கல்யாண வீட்டுக்குப் போகிறானென்று நினைத்து, "எந்தூர்ல விசேஷம்?" என்று கேட்டார்.

"நம்ம ஊருதாங்க."

திம்மராயன் மணப்பெண்ணைச் சுற்றி வந்து பார்த்தார். "என்னடா இது, சோகை புடிச்சாப்ல இருக்குது? இதவிட நல்லதா ஒண்ணு இல்லியா?"

"இல்லைங்க மாமா."

"பையன் சிவப்புடா. ஜோடி பொருந்த வேணாமா?"

 பொருந்தாததில் முனிராஜுக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. நீ செத்த பிறகும் எனக்கு இந்தப் புத்தி போகவில்லை என்று சொன்னால், கேட்டுச் சிரிக்கப் பக்கத்தில் ஆளில்லை.

பிணத்துக்குச் சரிகை வேட்டி கட்டினார்கள். வைகாசிக்கென்று நாராயணப்பன் முன்கூட்டியே பெங்களூரில் வாங்கி வைத்தது. பெஞ்சில் சாய்த்து உட்காரவைத்து, நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். வாழையை இடது பக்கம் நிறுத்தி மஞ்சள் துணி சுற்றினார்கள். வெட்டிய மரம் தானாக நிற்குமா? சாய்ந்து சென்றாயனின் தோளில் விழுந்தது. யாரோ ஒரு பெண் விசும்பலுக்கு நடுவே "ஐயோ, ஆசையப் பாரு" என்று சொல்லி, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பொண்ணத் தாங்கிப் புடி" என்றார் திம்மராயன். "கூடப் பொறந்தவன்தான் புடிக்கணும். உக்காரு."

முனிராஜ் பெஞ்சில் உட்கார்ந்தான். வரிசையில் முதலில் சென்றாயன், அப்புறம் வாழை, அப்புறம் அவன். இடது கையால் தண்டைச் சுற்றிப் பிடித்தான். அவன் விரல்கள் அந்தப் பக்கம் போய், சந்தனம் பூசிய முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அதை யாரும் தப்பாக நினைக்க வழியில்லை. மரத்தைப் பிடித்தால் கை அங்கேதான் போகும். நாலு வருஷத்தில் இத்தனை பேர் நடுவில் அவர்கள் இப்படி உட்கார்ந்ததில்லை.

மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டித் தட்டில் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை கையால் கட்ட வேண்டும். கை விறைத்திருந்தது. திம்மராயன் அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"மாப்பிள்ள ஒத்துழைக்க மாட்டேங்கறானே."

"வாழை வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் ராமப்பன்.

கடைசியில் கயிற்றை விரல்களுக்கு ஒப்புக்குத் தொட்டுக் காட்டிவிட்டுத் திம்மராயனே கட்டத் தொடங்கினார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. முதல் முடிச்சை இழுத்தபோது அது முனிராஜின் மணிக்கட்டைச் சுற்றி விழுந்தது.

"மாமா, கை மாட்டிக்கிச்சுங்க."

"அசையாத!"

"கைய எடுத்துக்கறேன்."

"எடுத்தா பொண்ணு விழுந்துடும்டா! மூர்த்தம் போவுது, சும்மா இரு. தாலி கட்டுறப்ப யாராவது பேசுவாங்களா?"

மிச்சக் கயிற்றை வாழையைச் சுற்றி இழுத்து இரண்டாவது முடிச்சும் மூன்றாவது முடிச்சும் போட்டார். யாரோ பழக்கத்தில் அட்சதையைத் தூவிவிட்டார்கள். சில அரிசிகள் முனிராஜின் தலையிலும் தங்கின. அவன் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

கட்டியாயிற்று. உடனே அறுக்க வேண்டும். அதற்கு ஒரு விதவை வர வேண்டும். ரங்கம்மா கத்தியோடு எழுந்து வந்தாள். குனிந்தவள் கயிற்றைப் பார்த்தாள். மகனின் மணிக்கட்டைச் சுற்றி ஒரு முடிச்சு, அங்கிருந்து தண்டுக்குப் போய் இரண்டு முடிச்சு. அவள் கயிற்றைப் பார்த்தாள். வாழையைப் பார்த்தாள். அண்ணன் மகனின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் முனிராஜைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம்மா" என்றார் திம்மராயன்.

ரங்கம்மா கத்தியைத் தண்டின் பக்கம் கொண்டுபோய், மணிக்கட்டுக்கும் தண்டுக்கும் நடுவில் கயிற்றை அறுத்தாள். பிறகு தண்டில் கிடந்ததையும் அறுத்துத் தட்டில் போட்டாள். மணிக்கட்டில் இருந்ததை அவள் தொடவில்லை. மகனின் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள்.

"எந்திரி" என்றாள்.

அடக்கம் சீக்கிரமே முடிந்தது. திம்மராயன் ஜாதகத்தைச் சட்டம் போட்டுப் பஞ்சாயத்து போர்டு ஆபீசில் மாட்ட வேண்டும் என்றார். நாராயணப்பன் அன்று முதல் தடவையாக அவரை எதிர்த்துப் பேசினார். "என் புள்ளையோடதுண்ணே. அவனோடவே போவட்டும்." நோட்டை முனிராஜிடம் கொடுத்து, "நீ எழுதினது. நீயே வெய்யி" என்றார்.

குழிக்குள் இறங்கினான். கடைசிப் பக்கத்தைக் கிழித்துக்கொள்ள ஒரு நொடி இருந்தது. மேலே எல்லாரும் மண்வெட்டி தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் கிழிக்கவில்லை. எருக்கம்பூ மாலைக்கு அடியில், இடது கைப்பக்கம் நோட்டை வைத்தான். குனிந்தபடியே, உதடு அசையாமல் சொன்னான்.

"பாத்துட்டேன் மச்சான்."

"என்னடா தேடற?" என்றார் மேலிருந்து திம்மராயன். "ஏறு, ஏறு."

வாழையை இடுகாட்டு எல்லையில் போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். மாஜி பிரசிடெண்டின் அட்டை மேட்டின் மேல், கொட்டை எழுத்து தெரிகிற மாதிரி, கல் வைத்து நிறுத்தப்பட்டது. தெரியாத யாராவது பார்த்தால் திம்மராயன்தான் உள்ளே இருக்கிறார் என்று நினைப்பார்கள்.

முனிராஜ் வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ரங்கம்மா கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தாள். சாவு வீட்டுக்குப் போன உடம்போடு உள்ளே வரக்கூடாது. அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். நேர் எதிரே, காலையில் வெட்டிய இடத்தில், அடிமரத்தின் நடுவிலிருந்து வெளுத்த குருத்து ஒரு விரற்கடை மேலே வந்திருந்தது.

அவள் சொம்பில் தண்ணீர் மொண்டாள். ஊற்றாமல் நின்றாள். அவன் அம்மா என்ன சொல்வாளென்று காத்திருந்தான். அறுத்துப் போடு, துக்கத்துக் கயிறு என்பாள். மணிக்கட்டை மடியில் மறைத்துக்கொண்டான்.

"எந்திரிச்சு நில்லு" என்றாள் ரங்கம்மா. "அந்தக் கைய மேல தூக்கிக்கோ. தண்ணி பட்டா மஞ்ச போயிடும்."

அவன் எழுந்து நின்றான். அவள் தலையில் ஊற்றினாள். ஒரு சொம்பு, இன்னொரு சொம்பு.   தண்ணீர் கண்ணில் வழிந்துகொண்டே இருந்ததால் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

அரை மைலுக்கு அப்பால் ரோட்டில் சனிக்கிழமை பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வளைவில் ஒரு தடவை, ஊர்ப் பிரிவில் இன்னொரு தடவை. வேகம் குறைகிற சத்தம் கேட்கவில்லை. முனிராஜ் ஒரு கையைத் தூக்கியபடியே நின்றிருந்தான்.